ஊறுகாய்க்கு மட்டும் இலக்கணம்

"தமிழ்தானே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை வரை ஏறும். அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போகிறேன், கேள்வித்தாளில் பாதி தமிழ் என்று நான் வீட்டில் சொன்ன அன்று, என் கணவரின் அண்ணன் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

"தமிழ்தானேம்மா? அதுக்குப் போயி இன்னாத்துக்குப் படிப்பு? தெனம் பேசிக்கினுதான இருக்கறோம்."

தினம் நடக்கிறவர்கள் எல்லாரும் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிடுவார்கள் என்று நம்புகிற மனிதர். அவருடைய புதுமனை புகுவிழா அழைப்பிதழில் 'அனைவறும் வருக' என்று அச்சாகியிருந்தது. அவர் ஊரான ரிஷிவந்தியம் முழுக்க அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கினவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் தினம் தமிழ் பேசுகிறவர்கள்தான்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தியாகதுருகத்தில் குடியிருந்தோம். கணவர் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டும் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, அஞ்சல் வழியில் எப்போதோ வாங்கி பீரோவில் போட்டுவைத்த பட்டத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கணவர் தடுக்கவில்லை.

"போ. ஆனா கிளாஸ்ல சேர்ந்து படி. தனியா படிச்சன்னா தூங்கிடுவ" என்றார்.

அது உண்மைதான். கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன்.

மையம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பைப்பு அறுக்கிற சத்தம், மேலே எங்கள் சார். காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, முப்பது பேர் இருக்கும் அறையில் மாநாட்டில் பேசுவது போலப் பேசுவார். முதல் நாளே எங்களுக்கு ஒரு கட்டளை போட்டார்.

"புக்கைத் தொடாதீங்க. புக்கு படிச்சா டைம் வேஸ்ட்டு. நான் குடுக்கற ஷார்ட்கட் மட்டும் போதும்."

தமிழ்த் தேர்வுக்குப் படிக்க வந்தவர்களிடம் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாதே என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அவருக்கு அது நிறையவே இருந்தது.

முதல் வாரம் வினைத்தொகை. அது ஒன்றும் பெரிய மலை இல்லை. ஒரு பெயருக்கு முன்னால் வினை வந்து நிற்கும். நேற்று நடந்ததா, இன்று நடக்கிறதா, நாளை நடக்குமா என்று சொல்லாமல் மூன்று காலத்தையும் உள்ளே ஒளித்துக்கொள்ளும். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றும் சேர்ந்துதான் ஊறுகாய். இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு மத்தியானத்தில் புரியவைத்திருந்தார்கள். சாருடைய வழி வேறு.

"வினைத்தொகைன்னா ஊறுகாய், குடிநீர், வளர்பிறை. எழுதிக்கங்க. இதுல ஒண்ணு வந்தா கண்ண மூடிக்கினு டிக் அடிங்க. வேற எது வந்தாலும் அது வினைத்தொகை கெடையாது."

எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒற்றெழுத்து. வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதற்கு அவர் வைத்திருந்த விதி இது: "வரும்னு தோணுச்சுன்னா வராது. வராதுன்னு தோணுச்சுன்னா வரும்." இதற்குக் கைதட்டினார்கள். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் 'சி' போடச் சொன்னார். தமிழுக்கு 'சி'தான் ராசியாம். ஜோசியம் பார்க்க வேண்டிய மனிதர், வழி தவறி இலக்கணத்துக்கு வந்துவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டியுள்ள ஓர் ஊர்க்காரி. விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், பி.காம். முடித்தவள், கல்யாணமாகி, மாமியார் வீட்டு மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொண்டு படிக்க வந்திருந்தாள். அவளிடம் ஒரே ஒரு தொல்லை. சிரிப்பை அடக்கத் தெரியாது. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டால் மூக்கு வழியாக வரும்.

மூன்றாவது வாரம் சார் வினைத்தொகையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ஊறுகாய். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"சார், அப்ப சுடுசோறு?"

"இன்னாது?"

"சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு. அதுவும் வினைத்தொகைதான சார்?"

சார் தன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். "லிஸ்ட்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப கெடையாது. சோத்தப் பத்தி வூட்டுல போயி பேசுங்க மேடம்."

வகுப்பு சிரித்தது. ஆண்கள் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தார்கள். நான் உட்காரவில்லை.

"லிஸ்ட்ல இல்லன்னா சோறு ஆறிப்போயிடுமா சார்?"

பக்கத்தில் மூக்கு வழியாக ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் துப்பட்டா நழுவிவிட்டது. அவள் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கீழே ஹார்டுவேர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். சாரின் முகம் கறுத்தது.

"ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க. ஒழுங்கா படிக்கறவங்க மட்டும் இங்க இருந்தா போதும்."

போனோம். மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "இனிமே இன்னாக்கா பண்றது?"

"படிக்கறதுதான்" என்றேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடப்புத்தகங்களை இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தேடிச் சேர்த்தோம். பாதிப் புத்தகங்களுக்கு அட்டையே இல்லை. கள்ளக்குறிச்சி நூலகத்துக்குள் வாய்விட்டுப் படிக்க விடமாட்டார்கள். அதனால் வெளியே சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் உட்கார்ந்தோம். ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், மற்றவள் கேட்பாள். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் தெரிந்துகொள்ளாமல் ஒரு அடியைக்கூட மனப்பாடம் செய்வதில்லை என்று முடிவு செய்தோம். பொருள் தெரியாமல் உருப்போட்டது தேர்வறை வியர்வையோடு போய்விடும். எனக்கு அந்த அனுபவம் அஞ்சல் வழிப் பட்டத் தேர்வுகளில் உண்டு.

இலக்கணத்தில் எந்த விதியைப் படித்தாலும் புத்தகத்தில் இல்லாத உதாரணங்களை நாங்களே சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையென்றால் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடியும் முதலிலிருந்து. லகர ளகர ழகரத்துக்குப் பேருந்து நிலையமே போதுமாக இருந்தது. 'பளச்சாறு' விற்கிற கடையும் 'வாலைப்பழம்' விற்கிற வண்டியும் இருக்கிற ஊரில் பிழைதிருத்தப் பயிற்சிக்குப் பஞ்சமா? பஸ் வரும்வரை ஒவ்வொரு பலகையாகத் திருத்துவோம். அவள் சிரிப்பதைப் பார்த்துக் கடைக்காரர்கள் முறைப்பார்கள்.

பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. எங்களுக்குப் போன மதிப்பெண்களில் பெரும்பாலானவை தெரியாமல் போனவை அல்ல. 'பொருந்தாததைத் தேர்க' என்று இருப்பதைப் 'பொருந்துவதை' என்று படித்துவிட்டு, சரியான விஷயத்தைத் தப்பான இடத்தில் குறித்திருந்தோம். தமிழ்தானே என்கிற அலட்சியம் எங்களுக்குள்ளும்தான் இருந்தது. அதற்குப் பிறகு கேள்வியை உதடு அசைய இரண்டு முறை படிக்காமல் பென்சிலைத் தூக்கியதில்லை.

மழை மாதத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. அவளுடைய போனும் கிடைக்கவில்லை. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். குடும்பமே காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"வாங்கக்கா. நல்லவேளை வந்தீங்க. இது கெழங்க ஒடச்சாலும் இலக்கணம் சொல்லுது, மாட்ட ஓட்டுனாலும் இலக்கணம் சொல்லுது. எங்கம்மா பயந்துபோயி மந்திரிக்க ஆள் கூட்டியாரணும்னு சொல்லிக்கினு இருக்காங்க."

மாமியார் சற்றுத் தள்ளி நின்று என்னையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். கையெல்லாம் செம்மண்ணோடு அவள் சிரித்தாள். புத்தகம் நனையும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு, படித்ததையெல்லாம் வாயிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்கால பஸ் வரும்வரை கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினோம்.

தேர்வு கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாசலில் மையத்தில் படித்தவர்கள் சாருடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். உள்ளே தமிழ்ப் பகுதியைப் புரட்டினேன். வினைத்தொகை வந்திருந்தது. ஊறுகாய் வரவில்லை, குடிநீரும் வளர்பிறையும் வரவில்லை. நிதானமாக மூன்று காலத்தையும் வைத்துப் பார்த்துவிட்டுக் குறித்தேன். தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, வகுப்பில் என்னைப் பார்த்து அதிகமாகச் சிரித்த ஆண் ஒருவர் போனில் சாரிடம் கத்திக்கொண்டிருந்தார். "சார், நீங்க குடுத்தது ஒண்ணுகூட வரல சார்! இருபது கேள்விக்கி 'சி' போட்டுட்டேன் சார்!" எனக்குப் பாவமாக இல்லை. அதை ஒளித்துச் சொல்ல விரும்பவில்லை.

முடிவு வந்தது. எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. மலைக்காரி தமிழில் என்னைவிட அதிகம் வாங்கியிருந்தாள். ஆனால் கணக்கு காலை வாரிவிட்டது. மொத்த மதிப்பெண் எட்டவில்லை. போனில் சொன்னபோது அவள் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க ஊர்ல எல்லாரும் வேலை கெடச்சிடுச்சாமேன்னு வந்து கேக்கறாங்க. என் வூட்டுக்காரர மாலை போட்டுக் கூட்டிகினு போனாங்க. நம்ம ரெண்டு பேர் போட்டோவையும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுகிட்ட போட்டிருக்காங்களாம்."

போய்ப் பார்த்தேன். மையத்துச் சார் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார். நாங்கள் சேரும்போது ஒட்டிய பாஸ்போர்ட் படங்களைப் பெரிதாக்கி, கிரீடமும் வைத்து, நடுவில் தான் கைகட்டி நின்றார். மேலே எழுதியிருந்தது: 'தமிழ் தகுதி தேர்வில் மாபெரும் சாதணை! எங்கள் பயிற்ச்சி மைய நட்சத்திரங்களை வாழ்துகிறோம்!' அதே பிளெக்ஸ் இன்னொன்று மையத்தின் மாடிப்படியருகே.

மறுநாள் அவள் இறங்கி வந்தாள். இரண்டு பேரும் நேராக மாடிக்குப் போனோம். புது வகுப்பு நிறைந்திருந்தது. சார் மைக்கைக் கழற்றாமலே வரவேற்றார்.

"வாங்க வாங்க! இவங்கதான் நம்ம மையத்தோட பொக்கிஷம்!"

"நீங்கதான எங்கள வெளிய தொரத்துனீங்க?" என்றேன். மைக் அதையும் பிடித்து எல்லாருக்கும் சொன்னது.

"மேடம், அட்மிஷன் போட்டதுலேர்ந்து நீங்க எங்க ஸ்டூடண்ட்டுதான். அதெல்லாம் சகஜம்."

அவள் முன்னால் வந்தாள். "எனக்கு வேலையே கெடைக்கல சார். ஊர்ல என் வூட்டுக்காரருக்கு மாலை போட்டுட்டாங்க. நான் இப்ப இன்னா சொல்லட்டும்? எடுத்துடுங்க."

"அடுத்த வாட்டி கெடைக்குமில்ல? அட்வான்ஸ் வாழ்த்துன்னு வெச்சிக்க" என்று சொல்லிச் சிரித்தார்.

இதற்குமேல் பேசிப் பயனில்லை. அவருடைய மேசையில் இருந்த சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "மேடம், மேடம்" என்று அவர் பின்னாலேயே வந்தார், வகுப்பும் வந்தது. மாடிப்படியருகே இருந்த பிளெக்ஸில் 'தமிழ்'க்குப் பின்னால் ஒரு த், 'தகுதி'க்குப் பின்னால் ஒரு த் போட்டேன். 'சாதணை'யைச் சுழித்தேன். 'பயிற்ச்சி'யில் இருந்த ச்-சை அடித்தேன். 'வாழ்துகிறோம்' என்பதற்கு விழுங்கப்பட்ட எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஹார்டுவேர் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

"சார், இது எல்லாமே தப்பா?" என்று புது வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

சார் பிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிசைன் பண்ணவன் பண்ண மிஸ்டேக்கு" என்றார். குனிந்து அவரே கயிற்றை அவிழ்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸும் இறங்கிவிட்டது. மையம் மட்டும் இன்னும் நடக்கிறது. போன மாதம் பார்த்தேன், கூட்டம் குறையவில்லை. தமிழ்தானே.

ஊரில் மாலைக்கு என்ன பதில் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். தமிழில் பாஸ், கணக்கில் பெயில் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். அதற்கு மாமியார், மந்திரித்திருக்க வேண்டியது கணக்குக்குத்தான் என்றாராம். இப்போது மறுபடியும் படிக்கிறாள். என் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டு, வட்டிக் கணக்கில் சந்தேகம் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. என் பெரிய பையனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுகிறேன்.