படிக்காமல் பார்த்த பெயர்

ஒரு தாளைத் தலைகீழாகத் திருப்பி, கையை முழுக்க நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே உற்றுப் பார்க்கும் பத்தொன்பது வயது முகம் ஒன்று என் நினைவில் அப்படியே நிற்கிறது. என் மேசைத் தோழனின் முகம் அது. தொண்ணூறுகளின் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை தாண்டி இருந்த ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வரைமேசையில் உட்கார்ந்து எழுத்துருவியல் படித்தோம். எழுத்துகளைத் தாளில் எப்படி அமைப்பது, நடுவில் எவ்வளவு இடம் விடுவது, எதைப் பெரிதாக்கி எதைச் சிறிதாக்குவது என்பதற்கான பாடம் அது. முதல் நாளே ஆசிரியை சொல்லிவிட்டார், படிக்காதீர்கள், பாருங்கள் என்று. படிக்கத் தொடங்கினால் கண் அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடும், எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளை தெரியாது. தாளைத் தலைகீழாக்கினால் சொல் போய்விடும், கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்ததை மூன்றே வாரத்தில் மறக்கக் கற்றுக்கொண்டோம். நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டேன்.

நான் கல்பாக்கம் நகரியத்தில் வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. வீடு முழுக்கப் புத்தகம், சாப்பிடும்போதுகூடக் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். அவனுக்கு வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் தாத்தா காலம் வரைக்கும் மற்றவர்கள் நிலத்தில்தான் வேலை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து அவனைப் படிக்கவைத்தார். ஒருநாள் வேலைக்கு நடுவில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், அவன் அம்மாவுக்கு மூன்றே மூன்று பெயர்தான் படிக்கத் தெரியுமாம். ஊரில் நடந்த முதியோர் கல்வி வகுப்பில் தன் பெயர், புருஷன் பெயர், மகன் பெயர் மூன்றையும் கற்றுக்கொண்டார். அதற்குள் வகுப்பு நின்றுவிட்டது. பேருந்துப் பலகையைக்கூட யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வார், ஆனால் ரேஷன் அட்டையிலும் மார்க் அட்டையிலும் மகன் பெயரை விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பார் என்றான். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்கு ஒரு தமாஷான செய்தி, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தின் பெரிய பயிற்சி, தெருவில் கிடைக்கும் ஏதாவது ஓர் அச்சுத்தாளை எடுத்து, அதே செய்தியைப் படமே இல்லாமல் ஆறு விதமாக அமைத்துக் காட்டுவது. எழுத்தின் அளவு, கனம், இடைவெளி இந்த மூன்றைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும், மேசைக்கு ஒரே மார்க். மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகை, பேருந்துச் சீட்டு, மளிகைக்கடை நோட்டீஸ் என்று போனார்கள். எனக்குத்தான் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. செங்கல்பட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறதே, அதை யாராவது ஒழுங்காக வடிவமைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஆசிரியை துள்ளிக் குதிக்காத குறை. போஸ்டருக்கு ஒரு பெயர் வேண்டும். நிஜமாகவே செத்துப்போனவர் பெயரைப் போட மனம் ஒப்பவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் எனக்கு இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தபோது அவன்தான் சொன்னான்.

"எம் பேரையே போடு மச்சான். நீளமா கீது, ரெண்டு வரி வரும்."

உண்மையில் அது அருமையான பெயர். ஏறி இறங்கும் கொம்புகளும் வளைவுகளும் நிறைந்த பெயர். ஆய்வகத்துக் கணிப்பொறியில் இருந்த ஒரே தமிழ் எழுத்துருவில் அச்சடித்து, செங்கல்பட்டு ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகக் கத்தரித்து, பசை தடவி, நகர்த்தி நகர்த்தி ஒட்டினோம். பெயருக்குக் கீழே அவன் ஊர், அகவை பத்தொன்பது, அதன் கீழே மறைவு என்ற சொல். ஆறாவது தாளில் அவன் பெயரை மட்டும் தாளின் முக்கால் பாகத்துக்குப் பெரிதாக வைத்து மற்றதையெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருக்கியபோது இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். இரண்டாவது எழுத்தை ஒரு நூல் அளவு தள்ளு என்றான். தள்ளினேன். எங்கள் இருவரில் ஒருவருக்காவது அந்தத் தாளை நேராகத் திருப்பி, ஒரு மனுஷன் படிப்பதுபோல ஒரு தடவை படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பருவம் முடிந்ததும் எல்லோருடைய வேலையையும் கூடத்தில் மாட்டி, பெற்றோரையும் கூப்பிடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். காலையில் பெற்றோர் பார்ப்பார்கள், பிற்பகல் வெளியிலிருந்து மூன்று பேர் வந்து மார்க் போடுவார்கள். எங்கள் ஆறாவது தாளை ஆசிரியை வாசலுக்கு நேரே மாட்டச் சொல்லியிருந்தார். என் பெற்றோர் வந்து, பார்த்து, பெருமைப்பட்டுக்கொண்டு, சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். பத்தரை மணி இருக்கும், மேசைத் தோழனின் அம்மா வந்தார். மூன்று பேருந்து மாறி வந்த களைப்பு, நன்றாகக் கஞ்சி போட்ட நீலச் சேலை, கையில் ஒரு தூக்குவாளி. அவன் அப்போது மேல்மாடியில் வேறு வேலையாக இருந்தான். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் ஒரு அம்மா நின்று, விரலை நீட்டி, எங்கள் தாளை எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படிப்பதைக் கண்டதும்தான் யாரென்று புரிந்தது. மகன் பெயரை முழுக்கப் படித்து முடித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மகன் பெயரை இவ்வளவு பெரிதாகப் போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறார்களே என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் சொன்னார். கீழே சின்னதாக என்ன போட்டிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். அந்தப் பெண்மணி படித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். குரல் தணிந்தே இருந்தது.

"புள்ள உசுரோட கீறான் நைனா. அத்தக் கொஞ்சம் கழட்டிடு."

நான் அந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷத்தில் ஒருவனைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. இது வெறும் பயிற்சிதான் என்று விளக்கினேன். அவர் மீண்டும் கழட்டிடு என்றார். பிற்பகல் மார்க் போட வருகிறார்கள், சாயந்தரம் கட்டாயம் எடுத்துவிடுகிறேன் அம்மா, இந்த மார்க் உங்கள் மகனுக்கும் சேர்த்துத்தான் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தாளைக் குத்தியிருந்த நான்கு குண்டூசிகளைப் பிடுங்கினால் முடிகிற வேலை. அவர் சரி நைனா என்று சொல்லிவிட்டு வெளியே போய், சவுக்கு மரங்களுக்குக் கீழே மணலில், கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தார். தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

மார்க் போட வந்தவர்கள் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். பெயர் தாளையே தாங்கி நிற்கிறது என்றார் ஒருவர். என் மேசைத் தோழன் என் பக்கத்தில் நின்றிருந்தான். அதற்குள் அம்மா வந்திருப்பது, நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சன்னல் வழியாக அந்த நீலச் சேலை தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். வகுப்பிலேயே எங்களுக்குத்தான் முதல் மார்க். நான் சொன்ன சொல் தவறாமல் ஐந்தரை மணிக்குத் தாளைக் கழற்றினேன். வெளியே வந்து பார்த்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அவன் வரவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஊருக்கே போய் அந்த அம்மாவின் காலில் விழ வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். போகவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் என்ன சொல்வாரோ என்ற பயம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பத்து வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அதற்குள் நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. செல்போன் திரைகளில் எழுத்து எங்கே வர வேண்டும், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அப்பா ஓய்வுபெற்றுச் செங்கல்பட்டில் வீடு கட்டியதால் அங்கிருந்து கம்பெனிப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தேன். பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே நீளமான ஒரு மதில். ஒரு திங்கட்கிழமை காலை அதில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வயதான ஓர் அம்மாவின் படம், பூ வளையம், தங்க நிறத்தில் நிழல் விழுந்த எழுத்து. வழக்கம்போல என் கண் குறை கண்டுபிடிக்கப் போய்விட்டது. தலைப்பைப் பக்கவாட்டில் இழுத்து நசுக்கியிருக்கிறார்கள், வரிகளுக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை, அடியில் வருத்தத்துடன் என்பதன் பக்கத்தில் இருந்த பெயர் கண்ணில் பட்டது. நீளமான பெயர், ஒரே வரியில் அடைத்திருந்தார்கள். இதை இரண்டாக உடைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கே உடைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பெயரைப் படித்தேன், என் மேசைத் தோழனின் பெயர். படித்த பிறகு மேலே இருந்த எல்லாவற்றையும் படித்தேன். ஊர்வலம் செவ்வாய்க்கிழமை மாலை என்று போட்டிருந்தது.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவன் ஊருக்குப் போய், விசாரித்துக்கொண்டு வீட்டைத் தேடிப் போனபோது அவன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இப்போது மதுராந்தகத்தில் அரசு அலுவலகத்தில் வேலை என்றான். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த நாலு ஊசியை அன்றைக்கே நான் பிடுங்கியிருக்க வேண்டும், அம்மாவிடம் கடைசி வரை வந்து மன்னிப்புக் கேட்கவில்லை என்றேன்.

"உம்மேல எங்கம்மாக்கு ஒண்ணும் இல்ல மச்சான்," என்றான். "படிக்கிற பையன், மார்க்கு மேல ஆச இருக்காதான்னு விட்டுட்டாங்க. நானும் அங்கதானே நின்னுகினு இருந்தேன்? என்னால கழட்ட முடியாதா? போய்க் கழட்டினா யாரு கழட்டச் சொன்னதுன்னு கேப்பாங்க. எங்கம்மான்னு சொல்லணும். சொல்ல வெக்கமா இருந்திச்சிடா."

அன்றைக்கு இருவரும் மூன்று பேருந்து மாறி ஊருக்குத் திரும்பினார்களாம். ஊருக்குள் இறங்கிய பிறகு அம்மா, உனக்கும் அந்த மார்க்கு வேண்டியிருந்ததா என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதன் பிறகு அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கத் தன்னால் முடியவில்லை என்றான். பத்து வருஷமாக நான் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்ததை அவனும் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். பரவாயில்லை விடு என்று நான் அவனிடம் சொல்ல முடியாது, அவனும் என்னிடம் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை வரைக்கும் அவர் அந்த வீட்டுக் கூடத்தில்தான் கிடத்தப்பட்டிருந்தார். முகத்தையாவது பார்த்திருக்கலாம். நான் மதிலுக்கு எதிரே நின்று வரி இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.