தொட்டில் பைப்பும் பன்னெண்டு எம்.எம். பிட்டும்

சின்னையன் முப்பது வருஷம் துவாக்குடிப் பட்டறை ஒன்றில் ஹெல்ப்பர். இரும்பு தூக்கினார், டீ வாங்கி வந்தார், டிரில்லுக்கு எண்ணெய் விட்டார். டிரில்லில் மாட்டி ஓட்டை போடும் பிட்டைச் சாணை பிடிக்க மட்டும் யாரும் அவரை விட்டதில்லை. "நீ தொட்டா அது ஆணியாயிடும்யா" என்பார் ஃபோர்மேன். ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு கிரைண்டரும் வைத்து, அதற்கு ஒர்க்‌ஷாப் என்று பெயரிட்டார். அங்கே ஃபோர்மேன் அவர்தான்.

மகள் யமுனாவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே, கேட்காதவர்களுக்கும் சேர்த்து அறிவித்தார்: "முப்பதாம் நாளு எம் பேத்தி நான் செஞ்ச தொட்டில்லதான் படுப்பா." துறையூர் சம்பந்தி பூவரசனும் பக்கத்தில் நின்றார். இனி கடையில் வாங்கிய தொட்டிலுக்கு வழியில்லை.

கால்களை வெல்டிங் கடையில் பற்றவைத்தாகிவிட்டது. சேலை தொங்கவிடும் குறுக்குப் பைப்பின் இரு முனையிலும் ஓட்டை போட்டு போல்ட் மாட்டினால் முடிந்தது. இரண்டே ஓட்டை. மிச்சத் துண்டில் பழகிப் பார்த்தபோதே பிட் புகைந்து மழுங்கியது. முப்பது வருஷம் ஊரார் டிரில்லுக்கு எண்ணெய் விட்டவர், தன் டிரில்லுக்கு விட மறந்திருந்தார்.

பெரிய கடைவீதி ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"புது பிட்டு தரவாண்ணே?" என்றார் கடைக்காரர் அப்துல் மாலிக்.

"புதுசு யாரு வேணாலும் வாங்கலாம் பாய். தீட்டுற மெஷின் குடுங்க."

டிரில்லிலேயே மாட்டும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். வீட்டில் வந்து பார்த்தால் அதன் துளைகளில் பெரியதே பத்து எம்.எம்.; அவர் பிட் பன்னிரண்டு. மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்து, கிரைண்டர் பக்கத்தில் பொருத்தும் பிடிமானம் வாங்கினார். பிட்டை அதில் இறுக்கி, கல்லில் தொட்டுத் தொட்டுச் சுழற்ற வேண்டும்.

சுழற்றினார். பிட் பளபளத்தது. ஆனால் இரும்பில் வைத்தால் வழுக்கியது. வெட்டுகிற விளிம்புக்குப் பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். இவர் தீட்டியதில் பின்பக்கம்தான் தூக்கி நின்றது.

"ஏங்க, இன்னும் தொட்டிலு முடியலயா?" என்றாள் மனைவி ஜோதி.

"தொட்டிலு அஞ்சு நிமிஷ வேலடீ. பிட்டு தயாராவட்டும்."

"புள்ள ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள ஆயிடும்ல?"

மூன்று வாரம் தீட்டினார். முப்பதாம் நாளுக்கு முந்தின சாயங்காலம் பின்பக்கம் தாழ்ந்தது. சோதிக்க மிச்சத் துண்டு ஏதும் இல்லை. குறுக்குப் பைப்பின் நடுவில் வைத்தார். இரும்பு சுருள் சுருளாக வந்தது. ஆனந்தம் தாங்கவில்லை. பூச்சரம் மறைத்துவிடும் என்று பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்பது. கடைசியில்தான் முனைகளில் போட வேண்டிய இரண்டு.

ஞாயிறு காலை பூச்சரத்தோடு தொட்டில் நின்றது. வழக்கப்படி, குழந்தைக்கு முன்னால் மஞ்சள் பூசிய குழவிக்கல்லைச் சேலைக்குள் இட்டாள் ஜோதி. பைப் ஒரு கணம் யோசித்தது. பிறகு நடுவில் மடிந்து, கல்லைப் பதமாகத் தரையில் இறக்கி வைத்தது.

பூ விலகி, வரிசையாகப் பதினோரு ஓட்டை தெரிந்தது.

"இதுக்குத்தான் மொதல்ல கல்லப் போடுறது" என்றார் பூவரசன். "புல்லாங்கொழலு நல்லா பண்ணியிருக்கீங்க சம்பந்தி."

"கடைத் தொட்டிலே வாங்கிட்டு வந்துரட்டுமா மாமா?" மருமகன் பைக் சாவியை எடுத்தான்.

சின்னையன் மடிந்த பைப்பை நிமிர்த்தப் பார்த்தார். ஜோதி கொல்லைக்குப் போனாள். ஈரத் துணியை உருவிப் போட்டுவிட்டு, துணி காயப்போடும் பைப்பைக் கழற்றி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நல்ல நேரம் இன்னும் கால் மணி இருக்கு. ரெண்டே ரெண்டு. மூணாவது போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

எண்ணெய் விட்டார். பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நான்கு நிமிஷம். கல் தாங்கியது, அப்புறம் பேத்தி. எல்லாரும் துணிப் பைப்பைப் பாராட்டினார்கள். அதை எடுத்து வந்த ஜோதியைப் பாராட்டினார்கள். பிட்டை யார் தீட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

காதில் பேர் சொல்லும் முறை தாத்தாவுக்கு வந்தது. குனிந்தார். "இளவேனில், இளவேனில், இளவேனில்" என்றார். நிமிரவில்லை.

"என்னங்க இன்னும்? மூணு தடவதான்" என்றாள் ஜோதி.

"இரு" என்று கையைக் காட்டிவிட்டு, பிட் தீட்டியதைப் பேத்தியிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.