மிளகாய்ச் செடியில் சுருட்டை

இலைகளின் அடிப்பக்கம் புளித்த மோரைத் தெளித்துக்கொண்டிருந்தபோது படியேறி வரும் சத்தம் கேட்டது. கலைமதி கையிலிருந்த பாட்டிலை வாளிக்குப் பின்னால் வைத்தாள். வைத்திருக்கக் கூடாது. மறைத்ததாகத்தான் மாமியார் காளியாயி எடுத்துக்கொண்டாள்.

"என்னத்த ஒளிக்கிற?"

"மோர் அத்தை. இலை சுருட்டுது, அதான்."

காளியாயி குனிந்து பார்த்தாள். கொழுந்துகள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. பூக்கள் உதிர்ந்து கிடந்தன. அவள் செடியைத் தொடவில்லை. நிமிர்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

தென்னூரில் அந்த மொட்டைமாடிக்கு ஊசி மிளகாய் வந்தது கலைமதியின் கல்யாணத்துக்குப் பிறகு. வையம்பட்டியில் அவள் அப்பா காட்டோரம் போட்டிருந்ததன் விதை. சின்னக் காய், வானம் பார்த்து நிற்கும். இரண்டு கிள்ளிப் போட்டால் ஒரு சட்டிக் குழம்பும் உறைக்கும். துறையூரில் பிறந்த காளியாயிக்கு உறைக்காத சோறு இறங்காது. கடை மிளகாயைத் தண்ணீர் என்பாள். பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பிக் கலைமதி வளர்த்த முதல் காயைப் பழைய சோற்றுக்குக் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "வந்தவ உருப்படியா ஒண்ணு கொண்டாந்திருக்கா" என்றாள். பக்கத்து வீட்டு சாரா பீவிக்குத் துவையல் அரைத்து அனுப்பினாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சாரா பீவி, இது துவையலா தண்டனையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனது அந்த வாளிகளுக்கு முன்னால் மட்டும்தான். பிள்ளை இல்லை என்ற பேச்சு கீழே நடக்கும். மாடியில் நடக்காது.

ஒரு விதி இருந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் கலைமதி மாடியேறக் கூடாது. நிழல் பட்டாலே மிளகாய்ச் செடி கருகும் என்பாள் காளியாயி. அந்த நாட்களில் அவளே தண்ணீர் ஊற்றுவாள். அதனால் மருமகளின் கணக்கு கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த மாதம் கலைமதி ஒருநாள்கூட மாடியேறாமல் இருக்கவில்லை. காளியாயி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள். உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். குழம்பில் காரத்தைக் குறைத்தாள்.

கலைமதி மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்திருந்தாள். இரண்டு கோடு. கணவன் தாயுமானவனிடம் மட்டும் சொன்னாள். துவாக்குடியில் வெல்டிங் வேலை அவனுக்கு. போன தடவை முந்திச் சொல்லி, நிலைக்காமல் போயிற்று. டாக்டர் பார்த்த பிறகு அம்மாவிடம் சொல்லலாம் என்றான். அதற்குள் இலை சுருண்டது.

கீழே வந்ததும் காளியாயி சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். தூரமானதை மறைத்துச் செடியைத் தொட்டிருக்கிறாய் என்றாள். பிள்ளை உண்டானதாக என்னை நம்பவைக்கத்தான் தினமும் மாடியேறினாய் என்றாள். கலைமதி, இது பூச்சி, வெயில் காலத்தில் அப்பா காட்டிலும் வரும் என்றாள். பிறகு கிட்டைப் பற்றியும் சொன்னாள்.

"எங்க அது?"

"தூக்கிப் போட்டுட்டேன் அத்தை. அவரைக் கேளுங்க."

தாயுமானவன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடவில்லை.

"அவ சொன்னா. நான் பாக்கல."

"செடி சொல்லுதே, அது போதும்" என்றாள் காளியாயி.

தீட்டுப்பட்ட வாளி எதுவும் மாடியில் இருக்கக் கூடாது, தொட்டவளே இறக்க வேண்டும் என்றும் சொன்னாள். முதலில் டாக்டரிடம் போய்வந்துவிடலாமா என்று கலைமதி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். காளியாயி மாடிப்படியைக் கை காட்டினாள். ஈர மண்ணோடு வாளிகள் கனத்தன. கைப்பிடிக் கம்பி விரல்களை அறுத்தது. தாயுமானவன் ஒரு வாளியை வாங்கக் கை நீட்டினான். அம்மா பார்ப்பதைக் கண்டதும் நகர்ந்து வழிவிட்டான்.

பாதி வாளிகள் இறங்கியிருந்தபோது கலைமதி படியில் உட்கார்ந்துவிட்டாள். நைட்டியில் ரத்தம் தெரிந்தது. காளியாயி அதைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள். குரல் உயரவில்லை.

கலைமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இனி யாரையும் நம்பவைக்க அவளிடம் எதுவும் இல்லை.

மறுநாள் தாயுமானவன் காலை ஷிப்டுக்குப் போனான். கலைமதி பின்னறையில் தனிப்பாயில் படுத்திருந்தாள். காளியாயி மீதி வாளிகளைத் தானே இறக்கினாள். மாடியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சாரா பீவி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டாள். மாதாமாதம் வருவதுதானே என்று காளியாயி சொல்லிவிட்டாள். மத்தியானம் கடை மிளகாய் போட்டுக் குழம்பு வைத்தாள். தட்டைத் தரையில் வைத்துத் தள்ளினாள். கலைமதி கொஞ்சம் சாப்பிட்டாள். சாயங்காலம் தாயுமானவன் செடிகளை மண்ணோடு கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் கொட்டினான். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.