மூன்று ஏணி, ஒரு பூங்கொடி

மேனேஜர் அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தலைச்சோலைக்குப் பக்கத்தில் நீங்கள் நிர்வாகம் செய்யும் எஸ்டேட்டில், மிளகு பறிக்கும்போது ஒரு ஆள் ஏணியிலிருந்து விழுந்தார். ஏன் விழுந்தார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் காரணம் பொய். அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க நீங்கள் பிடித்து நிறுத்தியிருப்பது என்னை. இந்தப் பத்தியை.

வாராவாரம் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொஞ்ச நாள் முன்னால் இதே இடத்தில் சொற்களைப் பற்றி எழுதினேன். ஒரே சத்தம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகளில், இரண்டு அர்த்தத்தோடு உட்கார்ந்திருக்கும் வேடிக்கை. நமக்குக் கல் என்றால் காலில் குத்துவது. ஹிந்திக்காரருக்கு நாளை... நேற்றும் அதுவேதான். நமக்கு நீ என்றால் எதிரில் நிற்கிற ஆள். ஜப்பான்காரருக்கு இரண்டு. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மனிதன் வாயால் எழுப்பக்கூடிய சத்தம் கொஞ்சம். மொழிகளோ ஏராளம். மோதத்தானே செய்யும்?

ஜார்க்கண்டிலிருந்து நம் மலைக்கு எஸ்டேட் வேலைக்கு வருகிறவர்களில் சிலர் வீட்டில் பேசுவது முண்டாரி. தமிழுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மண்டி என்ற சொல் அங்கேயும் இருக்கிறது. அவர்களுக்கு அது சோறு. நமக்குக் காய்கறி மூட்டை இறங்குகிற இடம். தா என்றால் அவர்களுக்குத் தண்ணீர். சிம் என்றால் கோழி.

இந்தக் கோழி விஷயத்தை வைத்துத்தான் அன்றைக்கு எழுதினேன். ஏற்காட்டில் நான் வழக்கமாகக் கறி வாங்கும் பாய் கடைக்குப் போன வருஷம் சுக்ரா என்ற ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். மலைக்கு வந்த புதிது. கூண்டைக் காட்டி, "சிம்" என்றார்.

"சிம்மு பக்கத்துக் கடைங்க. போனு படம் போட்டிருக்கும் பாருங்க" என்றார் பாய்.

சுக்ரா மறுபடியும் கூண்டைத் தொட்டு, "சிம்" என்றார்.

"இவரு நம்ம கோழிக்குப் போனு வாங்கித் தரப் போறாராட்டம் இருக்குது" என்றார் பாய். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். சுக்ராவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுக்ரா தலையைக் கண்டதும் பாயே கேட்டார்: "வாப்பா... சிம்மு அரைக் கிலோவா, ஒரு கிலோவா?"

இதோடு அந்தப் பத்தி முடியவில்லை. கடைசி மூன்று பாராவில் வேறொன்றும் எழுதியிருந்தேன். இரண்டு அர்த்தம் இருப்பதால் தினமும் முகம் பார்க்கிறவர்களுக்குள் ஒரு குழப்பமும் வருவதில்லை, ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள் என்று. உதாரணத்துக்குப் பூங்கொடியைச் சொல்லியிருந்தேன். தலைச்சோலைக்காரர். சுக்ரா வேலை செய்யும் அதே எஸ்டேட்டில் வேலை. வெயில் நேரத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தா வேணுமா, தா?" என்று முண்டாரிக்காரர்களிடம் அவர் கேட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பூங்கொடி என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு ஜெராக்ஸ்.

"ஏனுங்க, இது நீங்க எழுதுனதுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். என் பத்திதான். "ஆமாங்க" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. என்ற வேலை போயிருச்சுங்க."

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. ஒரே மூங்கில், இரண்டு பக்கமும் மிதிக்கட்டை. அது தானாக நிற்காது. ஒருவர் ஏறினால் ஒருவர் அடியில் நின்று பிடிக்க வேண்டும். ஏறியவர் கால் தரையில் படும்வரை பிடித்தவர் கை எடுக்கக் கூடாது. இது இந்த மலையில் மிளகு பறிக்கிற எல்லோருக்கும் தெரிந்த முறை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏணியைத் தூக்கும்போதே இரண்டு பேராகத்தான் தூக்குவார்கள்.

சுக்ரா ஏறியிருந்த ஏணி சரிந்தது. விழுந்தார். தொடை எலும்பு முறிந்து இப்போது சேலத்தில் படுத்திருக்கிறார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் மேனேஜர் கொடுத்த அறிக்கை இது: மேலே இருந்தவர் தன் மொழியில் 'தா' என்று தண்ணீர் கேட்டார். கீழே ஏணியைப் பிடித்திருந்த பூங்கொடி, அதைத் தமிழ் 'தா' என்று எடுத்துக்கொண்டு, மிளகு போடும் சாக்கைக் கேட்கிறார் என்று நினைத்தார். சாக்கை எடுக்க ஏணியை விட்டார். வார்த்தைக் குழப்பம், பிடித்தவரின் கவனக்குறைவு. நிர்வாகத்தின் தவறு எதுவும் இல்லை.

ஆதாரம்? அடியேன் எழுதிய பத்தி. ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் கோத்திருக்கிறார். கோழி வரை இருக்கிறது. கடைசி மூன்று பாரா இல்லை.

"நான் அந்த மரத்துக்கிட்டவே இல்லீங்க" என்றார் பூங்கொடி. "மூணு ஏணிக்கு ஒருத்தின்னு போட்டாங்க. நான் நாலு மரம் தள்ளி இன்னொருத்தரு ஏணியப் புடிச்சிட்டு நின்னனுங்க. பேரு எழுதற ரைட்டருகிட்ட காலையிலயே கேட்டனுங்க, மூணையும் எப்படிங்க புடிக்கறதுன்னு. மாத்தி மாத்திப் புடிங்கறாருங்க. ஏணி என்ன மாட்டுக் கயிறுங்களா?"

"இப்ப என்ன சொல்றாங்க ஊர்ல?"

"நேத்து மாரமங்கலம் பஸ்ஸுல ஏறுனனுங்க. பொறத்தால இருந்து ஒருத்தன், 'அக்கா, கம்பியவாச்சும் கெட்டியாப் புடி, உட்றாதே'ங்கறான். பஸ்ஸே சிரிக்குதுங்க. வேற எஸ்டேட்டுல போய்க் கேட்டா, ஆளக் கீழ உட்டவ நீதானான்னு கேக்கறாங்க. வேலை போனாப் போவுதுங்க. இந்தப் பேரோட நான் எந்த ஏணியப் புடிக்கறது? எவன் என்னைய நம்பி ஏறுவான்?"

அன்றைக்கே அடிவாரம் இறங்கி, சேலம் போய் சுக்ராவைப் பார்த்தேன். இப்போது தமிழ் பேசுகிறார். நம் ஊர்த் தமிழே பேசுகிறார்.

"மேலே இருந்து தண்ணி கேட்டீங்களா?"

"சார் மிளகு ஏணி ஏறிருக்கீங்களா?"

"இல்லை."

"ஒரு கை மூங்கில். ஒரு கை மிளகு. தண்ணி எந்தக் கையில சார் குடிக்கறது?"

எனக்கு அவமானமாக இருந்தது. இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா? அறிக்கை எழுதியவருக்கும் தோன்றவில்லை. மலையில் இருந்துகொண்டு ஏணி ஏறாதவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

"பூங்கொடி எங்கே நின்னாங்க?"

"அக்கா அந்தப் பக்கம், தூரம். எனக்குக் கீழ யாரும் இல்லீங்க. ஈர எலை. ஏணி போயிருச்சு."

"என்ன கத்துனீங்க?"

"ஆயோ."

ஆயோ என்றால் அவர் ஊர்ப் பக்கம் அம்மா. நாம் ஐயோ என்போம். சத்தம் கிட்டத்தட்ட ஒன்று, அர்த்தம் வேறு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்தச் சரிவில் இருந்த எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். பூங்கொடியும்தான், தான் பிடித்திருந்த ஏணியிலிருந்து ஆளை இறக்கிவிட்டு. அகராதி பார்க்க ஒருவரும் நிற்கவில்லை.

மறுநாள் மேனேஜரைப் பார்க்க ஆபீசுக்குப் போனேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"லாங்குவேஜ் ப்ராப்ளம் சார். நாங்க என்ன பண்ண முடியும்? நீங்களே எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க!"

"பாதியைத்தானே வெச்சிருக்கீங்க?"

"மீதி ஜெராக்ஸ்ல வரலை போல."

"அன்னைக்கு சுக்ரா ஏணியைப் பிடிச்சது யாருங்க?"

"பூங்கொடி."

"பக்கத்து ஏணியை?"

"பூங்கொடி."

"அதுக்கு அடுத்த ஏணியை?"

காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த மலையில் பிறந்து காப்பியை வேண்டாம் என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை.

மேனேஜருக்குத் தெரியாமல் ஒரு படம் இருக்கிறது. கூலிக் கணக்கு எழுதும் செக்ரோலில் மிளகு பறிப்பை எழுதும்போது ஏறுகிறவர் பெயரும் பிடிக்கிறவர் பெயரும் ஒரே வரியில் எதிரெதிரே இருக்கும். இங்கே பழக்கம் அது. சனிக்கிழமை சனிக்கிழமை எல்லோரும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சுக்ரா விழுந்த அன்றைய பக்கத்தின் படத்தைப் பூங்கொடி காட்டினார். ஏறுகிறவர்கள் மூன்று பேர், மூன்று வரி. எதிரே, முதல் வரியில் பூங்கொடி. இரண்டாவது வரியில் மேற்படி. மூன்றாவதில் மேற்படி. ரைட்டரின் கையெழுத்து. அழகான கையெழுத்து.

போன வருஷத்துப் படமும் அவர் போனில் இருக்கிறது. அதில் மேற்படி கிடையாது. மூன்று ஏணிக்கு மூன்று பெயர். இந்த வருஷம் ஆள் குறைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. இதில் மொழி எங்கே வந்தது?

என் தப்பும் இருக்கிறது. சிரிக்க வைக்க எழுதினேன். சிரிப்பை முதலில் வைத்தேன், உண்மையைக் கடைசியில் வைத்தேன். கடைசியில் வைப்பதை வெட்டுவது சுலபம் என்று இப்போது தெரிகிறது. சுக்ராவின் பெயரையும் பூங்கொடியின் பெயரையும் அச்சில் போட்டது நான். பூங்கொடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத உடுங்க. இருந்தத இருந்தபடி எழுதுங்க. போதும்" என்றார். அதனால்தான் இந்த வாரம் இது.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாஷை புரியவில்லை என்று எப்போதும் சொல்வது மேலே இருப்பவர்தான். கீழே வேலை செய்கிறவர்கள் ஒரு வாரத்தில் கோழி வாங்கி, தண்ணீர் வாங்கி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு ஆளுக்கு மூன்று ஏணி இருப்பதுதான் கஷ்டம்.

ஆகவே, மேனேஜர் அவர்களே. எனக்குப் போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். பத்திரிகைக்கு மறுப்புக் கடிதமும் வேண்டாம். ஒரு காலையில், உங்கள் எஸ்டேட்டில் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோரும் நிற்கும்போது வந்து நின்று சொல்லுங்கள். சுக்ரா விழுந்தபோது பூங்கொடி அந்த மரத்தடியில் இல்லை, அங்கே யாரையும் நிறுத்தாதது நான்தான் என்று. இல்லை, அவள்தான் ஏணியை விட்டாள் என்றால் அதையும் அங்கேயே, பூங்கொடி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம். அங்கே நிற்கிற எல்லோருக்கும் புரியும்.