மண்டை போன பனை

திங்கள்சந்தையில் முத்துக்கனியிடம் கருப்பட்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போகவேண்டும். கருப்பட்டியைக் கையில் தருவதற்கு முன்னால் அவள் ஒரு சேதி சொல்லுவாள்.

"எனக்க மாப்பிள்ளைய ஆரும் கொல்லல்ல. மண்டை போன பனையில கேறி விழுந்து செத்தாரு. கேற வச்சது கிருஷ்ணமணியாக்கும்."

"அது கெடக்கட்டும், வெலயச் சொல்லுட்டி."

"வெலயும் சொல்லுவேன், இதையும் சொல்லுவேன். கேக்கப் பிடிக்கலன்னா வேற கடை பாரும்."

அவள் புருஷன் வைகுண்டராஜன் பனையேறி. அய்யாவழிக்காரன், கள்ளை நாக்கில் வைத்து அறியாதவன். அவன் இறக்கும் பதனீரை அவள் காய்ச்சுவாள். ஐம்பத்துநாலாம் வருஷத் தேர்தல் வரும்வரைக்கும் அவர்கள் உண்டு, அவர்கள் அடுப்பு உண்டு.

ஊர்ப் பெரியமனிதர் கிருஷ்ணமணிக்குத் தன் கட்சிக்கொடி நாலு ஊருக்குத் தெரியவேண்டும் என்று ஆசை வந்தது. ஊரில் இருப்பதிலேயே நெட்டையான பனைக்கு மண்டை போய்விட்டிருந்தது. ஓலை உதிர்ந்து மொட்டையாய் நின்றது. ஓலை மறைக்காது, கொடி நன்றாகத் தெரியுமாம்! உச்சி உளுத்த அந்த மாதிரிப் பனையில் எந்தப் பனையேறியும் கால் வைக்கமாட்டான். மேலே போனால் பிடிக்க மட்டை கிடையாது. கொடி கட்ட வரவழைத்த வைகுண்டராஜனுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில் கிருஷ்ணமணி, "என்னடே, பயமா?" என்று கேட்டுவிட்டார். பாழாய்ப்போன ரோஷம், ஏறிவிட்டான்.

கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் மட்டும், "எறங்கு மக்கா, எறங்கிரு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் ஞானையன். அவனும் பனையேறிதான், ஆனால் எதிர்க்கட்சி. உச்சி ஒடிந்து வைகுண்டராஜன் விழுந்தபோது முதலில் ஓடிப்போய் மடியில் தூக்கிவைத்ததும் அவனே.

மறுநாள் கிருஷ்ணமணி கட்சிப் பத்திரிகையில் என்ன வந்தது தெரியுமா? கொடி கட்டிய வீரனை ஞானையன் கல்லெறிந்து கொன்றானாம்! போலீஸ் வந்து ஞானையனைக் கொண்டுபோனது. ஊரே பார்த்த சாவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், ஒருவனாவது வாயைத் திறக்கவேண்டாமா? வாயில் என்ன கொழுக்கட்டையா? "பத்திரிகையில போட்டாச்சே, இனி நாம என்ன செய்ய?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு போனார்கள்.

எதிர்க்கட்சிப் பத்திரிகை லேசுப்பட்டதா? பனையேறி குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதியது. அந்தக் கட்சிக்காரர் ரசலையன் முத்துக்கனியின் வீட்டுக்கே வந்தார். "குடிச்சிருந்தாருன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லம்மா. ஞானையன் வெளிய வந்திருவான்."

முத்துக்கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீங்க ஒருத்தரு அவரக் குடிகாரன் ஆக்குதிய, கிருஷ்ணமணி ஞானையனக் கொலகாரன் ஆக்குதாரு. செத்தவனயும் விடமாட்டிய, இருக்கவனயும் விடமாட்டிய. எறங்கும் வீட்டு முத்தத்த விட்டு!"

பிறகு கிருஷ்ணமணி அஞ்சலிக் கூட்டம் போட்டார். வீரனின் மனைவி என்று அவளை மேடையில் உட்காரவைத்து, "ஞானையன் கொன்னான்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று காதில் ஓதினார். முத்துக்கனி ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். "எல்லாருந்தான பாத்துக்கிட்டு நின்னிய? இந்தா நிக்காரே கிருஷ்ணமணி, இவருதான் கேறச் சொன்னாரு. ஞானையன் எறங்கச் சொன்னான்." அவ்வளவுதான், ஒலிபெருக்கி செத்துப்போனது. "பாவம், துக்கத்துல பொலம்புதா" என்றது கூட்டம். துக்கம் தாளாமல் மேடையில் மயங்கி விழுந்தாள் என்று பத்திரிகை எழுதியது. விழுந்தாளாம், அவள்!

அவள் விடவில்லை. கோர்ட்டிலும் அதையே சொன்னாள். வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டும் சொல் பிசகவில்லை. ஞானையன் விடுதலையானான். அந்தச் சேதியை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஊர் அவனைப் பார்த்தால் இன்றும், "கொலகாரன் போறான்" என்கிறது. பிள்ளைகள்கூட அப்படியே படித்துக்கொண்டன.

ஐம்பத்தாறில் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் கொண்டாட்டத்தோடு கொண்டாட்டமாக, கிருஷ்ணமணி சந்தை முக்கில் ஒரு கல் நாட்டினார். எதிரிகளால் கொல்லப்பட்ட வைகுண்டராஜன் என்று அதில் வெட்டியிருந்தது. மறுவாரமே முத்துக்கனி தன் கருப்பட்டிப் பெட்டியை அந்தக் கல்லுக்கு முன்னால் இறக்கினாள். விரட்டிப் பார்த்தார்கள். "எனக்க மாப்பிள்ளைக்க கல்லு, நான் இருப்பேன்" என்றாள்.

போன சந்தையில் ஒரு வெளியூர்க்காரர் கல்லை எழுத்துக்கூட்டி வாசித்தார். "அடப்பாவமே, ஆரும்மா கொன்னது?"

முத்துக்கனி சாக்கைத் தட்டி அவருக்கு இடம் போட்டாள்.

"இரியும், சொல்லுதேன். கருப்பட்டி பொறவு வாங்கலாம்."