ஏழு மணிச் சிவப்புக் கோடு

கந்தோரில் முப்பது வருடம் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறியவன் நான். ஓய்வுபெற்றதும் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலின் அன்னதான சபைக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோடு கீறுவேன். பிந்தி வருகிற தொண்டர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

புஷ்பம் எப்போதும் ஏழேகாலுக்குத்தான் வருவார். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கத் துப்புரவு வேலை செய்துவிட்டு நேரே வருகிறவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "கோட்டுக்குக் கீழ போடுங்கோ. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"நான் சாமிக்குத்தான் வாறேன் ஐயா, ஒங்க கந்தோருக்கு இல்ல" என்றார். ஆனாலும் கையெழுத்து வைத்தார். பூசணிக்காய் முழுவதையும் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பக்தியில்லாத கூட்டம் என்று தலைவரிடம் முறைப்பாடு செய்தேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கோயிலுக்குப் போனேன். அன்னதான மண்டபத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சிரித்துக் கதைத்தபடி பரிமாறிக்கொண்டு நின்றார்கள். பந்தி முடிகிற நேரம். புஷ்பம் என்னைக் கண்டதும் இலை போட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா." ஏன் பிந்தி வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கோயிலுக்கு இப்போது சாப்பாடு கடையிலிருந்து வருகிறது. ஏழு மணிக்கு நான் ஒருவன் கையெழுத்து வைத்து, அதற்குக் கீழே கோடு கீறுகிறேன். இப்போது ஒருவரும் பிந்தி வருவதில்லை.