அதீபாவின் நாலாயிரம் டிசைன்கள்

தாராவியில் கரீம் பாட்சாவின் எம்பிராய்டரி பட்டறையில் அதீபாவுக்குத் தையல் வேலை கிடையாது. கம்ப்யூட்டரில் பூ வரைவாள். எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று அவள் வரைந்து கொடுத்தால்தான் இயந்திரம் ஓடும். அந்த வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். ஒன்பது வருடத்தில் நாலாயிரம் டிசைனுக்கு மேல் போட்டிருந்தாள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்.

பஞ்சிங் சாஃப்ட்வேரைப் பாட்சா காசு கொடுத்து வாங்கியதில்லை. அவருடைய அக்கா மகன் காலித் எங்கிருந்தோ திருட்டுக் காப்பி இறக்கித் தருவான். போன மார்ச்சில் அவன் புதுசு ஒன்றைக் கொண்டுவந்து போட்டபோது, ஆன்டிவைரஸ் விடாமல் எச்சரித்தது. அவன் அதை அணைத்துவிட்டான்.

"ஆபத்துன்னு சொல்லுதுலா? எதுக்கு அணைக்க?" என்றாள் அதீபா.

"அரே, கிராக் போட்டா அப்படித்தான் காட்டும் அக்கா. டென்ஷன் ஆகாதீங்க."

அவள் நேரே பாட்சாவிடம் போனாள். "பாய், இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கித் தாங்க. காப்பி எடுத்து, கழட்டித் தனியா வச்சிருதேன். இப்ப காப்பி இருக்கற டிஸ்க்கு எப்பவும் கம்ப்யூட்டர்லயே மாட்டிக் கெடக்கு. ஒண்ணு போனா ரெண்டும் போயிரும்."

"நீ பூவை வரைம்மா. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

மூன்றாம் நாள் காலை ஒரு டிசைனும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. மாட்டிக் கிடந்த டிஸ்க்கிலும் அதே கதி. பணம் அனுப்பினால் பூட்டைத் திறந்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பாட்சா அவளையே படித்துச் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும், "நீ எதை அமுக்குன?" என்றார்.

அதீபா காலித்தைப் பார்த்தாள். அவன் கூசாமல் சொன்னான்: "அக்கா இதுல சீரியல் பாப்பாங்க மாமா. அதுலேர்ந்துதான் வந்திருக்கும்."

அவள் அதில் ஒரு சீரியலும் பார்த்ததில்லை. இயந்திரம் ஓட்டும் நாலு பேருக்கும் அது தெரியும். அவர்கள் தங்கள் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"யாரும் இதைத் தொடாதீங்க" என்று சொல்லி, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சைபர் போலீஸுக்கு ஓடினாள். அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பணம் கட்ட வேண்டாம், கட்டினாலும் திறக்கும் என்று நிச்சயமில்லை, பூட்டின ஃபைல்களை அழிக்காமல் வைத்திருங்கள், இப்படிப்பட்ட சில பூட்டுகளுக்குப் பிற்பாடு சாவி வெளிவருவதுண்டு என்றார். இத்தனைக்கும் நடுவில் சாவி என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதீபா திரும்பி வந்தாள்.

கம்ப்யூட்டர் புதுசு போல மின்னியது. "ஃபார்மட் பண்ணிட்டேன். டிஸ்க்கையும் சுத்தமாக்கியாச்சு" என்றான் காலித். அவன் போட்ட சாஃப்ட்வேரின் தடயமும் அதோடு போயிற்று. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று பாட்சா சொல்லிவிட்டார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு புடவைக்கடைக்காரர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பாட்சாவுக்கு ஒரு போன் போட்டு விசாரித்தார். அதன்பிறகு அதீபா கூப்பிட்டால் அவர் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் ஆண்டாப் ஹில்லில் ஒரு யூனிஃபார்ம் கடை கிடைத்தது. இப்போது பள்ளிக்கூட பேட்ஜ்களுக்கு எழுத்துப் போடுகிறாள்.

எட்டு மாதம் கழித்துப் பாட்சாவே கூப்பிட்டார்.

"நீ முன்ன போட்ட அந்த மயில் பார்டரைத் திரும்பப் போட்டுத் தருவியா? பார்ட்டி அதைத்தான் கேக்கான்."

"அது எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியும். அன்னைக்கே தெரியும். அவன் நம்ம வீட்டுப் பிள்ளை, என்ன செய்யச் சொல்லுத?"

அதீபா போனை வைத்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், யாருக்காகவும் இல்லாமல், மயிலை வரைந்து பார்த்தாள். கழுத்து வந்தது. தோகை எப்படிப் போட்டோம் என்று நினைவுக்கு வரவில்லை. மூன்று தடவை அழித்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுத்துப் போட ஆரம்பித்தாள்.